ஸ்பீக்கருக்கு வீட்டு வயரே போதும்

ஹட்டன் பக்கத்தில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குப் போய் "ஸ்பீக்கர் வயர் இருக்கா முதலாளி?" என்று கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். சிவப்பும் கறுப்புமாக ஒட்டிப் பிறந்த மெல்லிய வயரை யார்டு கணக்கில் அளந்து வெட்டித் தருவார்கள். அல்லது, நீங்கள் கொஞ்சம் வசதியான ஆள் போலத் தெரிந்தால், கண்ணாடி உறைக்குள் செம்பு மினுங்கும் தடித்த வயரை மேசையில் எடுத்து வைத்து, "இதுதான் சேர் ஒரிஜினல், சவுண்ட் சும்மா அதிரும்" என்பார்கள். முதலாவது நீண்ட தூரத்துக்கு உதவாது. இரண்டாவது பல நேரம் செம்பே இல்லை. இரண்டையும் விட்டுவிட்டு, அதே கடையின் பின்மூலையில் வீட்டு வயரிங்குக்கென்று அடுக்கி வைத்திருக்கும் சுருள்களைக் காட்டச் சொல்லுங்கள். நான் சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் ஏன், எதை, எப்படி என்று சொல்லத் தொடங்கினால் கொஞ்சம் நீளும்.

எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்பட்டதற்கு வீடுதான் காரணம். பழைய தோட்ட உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ். உயர்ந்த கூரை, பலகைத் தரை, ஹாலின் நடுச்சுவரில் துரைமார் காலத்துக் கணப்பு. உருப்படியான பிளக் பொயின்ட் வாசல் பக்கத்தில் மட்டும் இருப்பதால் அம்ப் (அம்ப்ளிஃபையர்) அங்கேதான் உட்கார முடியும். ஜப்பானில் யாரோ பாவித்துக் கழித்து இங்கே மறுபிறவி எடுத்த பழைய ஸ்டீரியோ அம்ப் அது. தூரத்து ஸ்பீக்கருக்குக் கதவு நிலையில் ஏறி, கணப்பைச் சுற்றி இறங்கி வயர் போவதற்குள் 8 மீட்டர் ஆகிவிடுகிறது. பட்டணத்து அடுக்குமாடி ஹாலில் 2 மீட்டரில் முடிகிற வேலை என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. கையில் கிடைத்த வயரைப் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்கலாம்.

அம்பிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: குறுக்கே நிற்காமல் இருப்பது. ஸ்பீக்கர் 8 ஓம் என்றால், வயரின் தடை அதற்கு முன்னால் கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். பலரும் ஏற்றுக்கொண்ட கைக்கணக்கு 5 சதவீதம். அதாவது 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம். நான் இதிலும் பாதியைத்தான் எல்லையாக வைத்துக்கொள்கிறேன், கொஞ்சம் தடித்த வயருக்கு ஆகும் மேலதிகச் செலவு ஒரு நல்ல ஸ்பீக்கரின் விலைக்கு முன்னால் பெரிதில்லை என்பதால்.

மனதில் வைத்துக்கொள்ள ஒரே ஒரு எண் போதும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பியின் தடை, மீட்டருக்குச் சுமார் 17 மில்லி ஓம். மற்றதெல்லாம் பெருக்கல் வகுத்தல். ஆனால் கரண்ட் போனால் திரும்பியும் வர வேண்டும். ஆகவே 8 மீட்டர் தூரம் என்றால் 16 மீட்டர் செம்பு. கடையில் முதலில் நீட்டும் அந்த ஒட்டு வயர் பெரும்பாலும் 0.4 சதுர மி.மீ. அளவில் இருக்கும். அதில் 16 மீட்டருக்கு ஏறத்தாழ 0.68 ஓம் வரும். 0.75 சதுர மி.மீ. என்றால் 0.36. 1.5க்குப் போனால் 0.18. 2.5 என்றால் 0.11.

இதனால் சத்தம் குறையுமே என்று கவலைப்பட வேண்டாம். வால்யூமைத் துளி திருப்பினால் அது சரியாகிவிடும். உண்மையான வில்லங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரின் முதுகில் 8 ஓம் என்று எழுதியிருப்பது ஒரு மரியாதைக்கு. நிஜத்தில் அந்த எண் சுருதிக்குச் சுருதி மாறும். அடிக்குரலில் ஓரிடத்தில் 30 ஓம் வரை ஏறும், நடுவில் 6க்கு இறங்கும். வயரின் தடையோ எல்லாச் சுருதிக்கும் ஒரே அளவு. அதனால் 30 ஓம் இருக்கும் இடத்தில் வயர் கிட்டத்தட்ட ஒன்றையும் தின்னாது, 6 ஓம் இருக்கும் இடத்தில் மட்டும் தின்னும். 0.68 ஓம் வயரில் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே முக்கால் டெசிபலுக்குக் கிட்ட வித்தியாசம் வருகிறது. 0.11 ஓம் வயரில் 0.13 டெசிபல்தான். முக்கால் டெசிபலைக் கவனமாகக் கேட்கிறவர் ஒப்பிட்டுப் பார்த்தால் பிடித்துவிட வாய்ப்பிருக்கிறது. 0.13ஐப் பாட்டில் பிடித்தேன் என்று யாராவது சொன்னால், எந்த வயர் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்க வைப்பேன். அதற்குச் சம்மதிப்பவர்கள் குறைவு.

ஸ்பீக்கர் கோனின் அசைவை அம்ப் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து நிறுத்தும் என்று காட்ட, டாம்பிங் ஃபக்டர் என்று ஒரு எண்ணை அம்ப் விற்பவர்கள் பெருமையாகப் போடுவார்கள், 200, 500 என்று. தடித்த வயர் போடாவிட்டால் அது நாசமாகிவிடும் என்று பயமுறுத்துவதும் உண்டு. ஸ்பீக்கருக்குள் இருக்கும் வொயிஸ் கொயில் என்ற கம்பிச்சுருளின் சொந்தத் தடையே 6 ஓம் அளவில் இருக்கிறது. அது எப்போதும் அந்தச் சுற்றுக்குள்தான் இருக்கும். அதோடு வயரின் 0.1 ஓமைக் கூட்டினால் 6.1. இதற்கு மேல் அதைப் பற்றிக் கதைக்க ஒன்றுமில்லை.

வயர் தடையைப் பற்றிப் புத்தகத்தில் படிக்காமலே நன்றாக விளங்கி வைத்திருப்பவர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள்: கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள். கோயிலடியில் அம்ப், அங்கிருந்து லயத்துக்கு லயம், மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர். கடைசிக் குழாய் 200 மீட்டர் தாண்டியும் இருக்கும். இழுத்திருப்பதோ அதே மெல்லிய ஒட்டு வயர். நேரடியாக 8 ஓம் குழாயை அப்படி மாட்டினால், 400 மீட்டர் கம்பியின் தடை 17 ஓமுக்குக் கிட்ட வந்துவிடும். குழாய்க்கு, வயர் இல்லாமல் போயிருக்கக் கூடிய சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். அதனால்தான் அவர்கள் அம்பின் 100 வோல்ட் லைனில் மாட்டி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்கிறார்கள். 30 வாட் குழாய் 100 வோல்ட்டில் 0.3 ஆம்பியர்தான் இழுக்கும். லைனுக்கு அது 333 ஓம் போலத் தெரியும். அதற்கு முன்னால் அந்த 17 ஓம் வெறும் 5 சதவீதம். லக்ஷபானவில் 1950இல் ஓடத் தொடங்கிய நீர்மின் நிலையத்திலிருந்து கொழும்புக்குக் கரண்ட் போவதும் இதே உபாயத்தில்தான். இன்று நம் மலைகளுக்கு மேலே போகிற பெரிய லைன்கள் 132,000 வோல்ட்டிலும் 220,000 வோல்ட்டிலும் ஓடுகின்றன. அழுத்தத்தைக் கூட்டினால் கரண்ட் குறையும், கரண்ட் குறைந்தால் கம்பி இளைக்கலாம். (அந்தக் கரண்ட் லயக் காம்பராக்களைத் தாண்டிக் கொழும்புக்குப் போய், பல வருடம் கழித்துத்தான் லயங்களுக்குத் திரும்பி வந்தது என்பது வேறு கதை.) வீட்டு ஸ்டீரியோவில் இந்த வசதி இல்லை. அங்கே வோல்ட் குறைவு, ஆம்பியர் அதிகம். ஆகவே செம்பைத் தடிப்பாக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, கடைக்கு வருவோம். இங்கே வயரை இழை எண்ணிக்கையும் இழைத் தடிப்புமாகச் சொல்வதுதான் பழக்கம். லைட் வயரிங்குக்குப் போடும் 1/1.13 என்பது 1.13 மி.மீ. தடிப்பில் ஒரே கம்பி, 1 சதுர மி.மீ. அளவு. பிளக் பொயின்ட்டுகளுக்குப் போடும் 7/0.67 ஏழு கம்பி முறுக்கியது, 2.5 சதுர மி.மீ. அளவு. பழைய பாஸ்மார் இன்னும் அங்குலக் கணக்கில் 40/0076 என்பார்கள், அது 0.0076 அங்குல இழை நாற்பது, ஏறத்தாழ 1.2 சதுர மி.மீ. எதைக் காட்டினாலும் தடிப்பைத் தடிப்பால் பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, இழை எண்ணிக்கையால் பெருக்கினால் பரப்பு வந்துவிடும். ஃபோனில் கல்குலேட்டர் இருக்கிறதே.

ஸ்பீக்கருக்கு நான் தேர்ந்தெடுப்பது நுண்ணிழை வயர், அதாவது ஃபிளெக்சிபல். 30/0.25 என்றால் 1.5 சதுர மி.மீ., 50/0.25 என்றால் 2.5. இரண்டு கோர் உள்ள வட்ட வயராகக் கிடைத்தால் மிக நல்லது. சத்தத்தைப் பொறுத்தவரை 7/0.67உம் அதே 2.5தான், விலையும் மலிவாக வரும். ஆனால் அது முறைப்பான வயர், சின்ன ஸ்பீக்கரை அலமாரியிலிருந்து திருப்பிவிடும். சுவரோடு ஆணியடித்து நிரந்தரமாக விடுவதென்றால் அதையே இரண்டு துண்டு வெட்டி, ஒரு முனையைக் கதவுப் பிடியில் கட்டி மறுமுனையை ட்ரில் மெஷினில் மாட்டி முறுக்கிக்கொள்ளலாம். முறுக்குவது அழகுக்கு மட்டுமில்லை. இரண்டு கம்பியும் விலகி விலகிப் போனால் இண்டக்டன்ஸ் (உயர் சுருதிக் கரண்ட்டை அதிகம் தடுக்கும் குணம்) கூடும். சேர்ந்து போகும் சாதாரண ஜோடி வயரில் 8 மீட்டருக்கு 5 மைக்ரோ ஹென்றி அளவில் வரும். 20,000 ஹேர்ட்ஸில் அது 0.6 ஓம். பயமாக இருக்கிறதா? அது 8 ஓமோடு நேராகக் கூடுவதில்லை, செங்கோணத்தில் கூடுகிறது, விடை 8.02தான். கதவு நிலையின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு என்று பிரித்து ஓட்டாமல் இருந்தால் போதும்.

இப்போது அந்தக் கண்ணாடி உறை வயர். அதன் பெயர் சி.சி.ஏ.; அலுமினியக் கம்பிக்கு மேல் மெல்லிய செம்பு மேற்பூச்சு. சிலவற்றில் அப்படியே அச்சடித்திருப்பார்கள், பலவற்றில் ஒன்றும் இருக்காது. அலுமினியம் ஒன்றும் குற்றவாளி இல்லை. மலை மேல் போகிற அந்தப் பெரிய லைன்களெல்லாம் அலுமினியம்தான், பாரம் குறைவு, விலை குறைவு. ஆனால் அங்கே தடையைச் சரிக்கட்டத் தடிப்பைக் கூட்டியிருக்கிறார்கள். கடையில் நமக்குத் தருவதோ 2.5 என்று சொல்லி, செம்பில் 1.6 போல வேலை செய்யும் வயர். அதையும் செம்பு விலைக்குத் தந்தால்தான் கோபம் வருகிறது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு இழையை பிளேட்டால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். (வெளியே வெள்ளையாகவும் உள்ளே செம்பாகவும் இருந்தால் அது ஈயப்பூச்சு போட்ட நல்ல செம்பு, குழம்ப வேண்டாம்.) உறையை நன்றாக நீக்கிவிட்டு ஒரு இழையை லைட்டர் நெருப்பில் காட்டினால் அலுமினியம் சுருண்டு உருகி அறும், செம்பு சிவந்து நிற்கும். பி.வி.சி. புகை நெஞ்சுக்கு ஆகாது, அதனால்தான் உறையை முதலில் எடுக்கச் சொல்கிறேன். கடைக்காரர் முன்னால் நெருப்புக் காட்டக் கூச்சமாக இருந்தால் கையில் தூக்கிப் பாருங்கள். 2.5 சதுர மி.மீ. இரட்டை வயர் 10 மீட்டரில் செம்பு மட்டும் 450 கிராமுக்குக் கிட்ட இருக்க வேண்டும், சி.சி.ஏ. அதில் பாதிகூட வராது. களனி, ஏ.சி.எல். போன்ற உள்ளூர்த் தயாரிப்பு வயரிங் சுருள்களை நான் விரும்புவதற்குக் காரணம் இதுதான்: அளவு உறையிலேயே அச்சாகியிருக்கும், வீட்டில் நெருப்புப் பிடிக்காமல் கரண்ட் கொண்டுபோகச் செய்த வயர் அது.

சந்தேகம் தீராதவர்களுக்கு ஒரு சோதனை. சாதாரண மல்டிமீட்டரால் 0.1 ஓமை நம்பி அளக்க முடியாது. மீட்டரின் சொந்த வயரே அவ்வளவு தடை காட்டும். ஒரு த்ரீவீல் பெட்டரியையும் 21 வாட் பிரேக் லைட் பல்ப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் வயரின் ஒரு முனையில் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கி, பல்ப்போடு தொடராக பெட்டரியில் மாட்டுங்கள். 1.7 ஆம்பியர் அளவில் கரண்ட் ஓடும். அதை மீட்டரின் 10 ஆம்பியர் ரேஞ்சில் ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். பிறகு மீட்டரை மில்லிவோல்ட்டுக்கு மாற்றி, கிளிப் பிடித்திருக்கும் இடத்துக்கு உள்ளே, செம்பையே தொட்டு வோல்ட்டை அளவுங்கள். 190 மில்லிவோல்ட் வந்தால், 1.7ஆல் வகுக்க, 0.11 ஓம். கணக்கில் வந்ததும் இதுவும் ஒத்துப்போனால் வயர் உண்மையான செம்பு, அளவும் உண்மை. ஒன்றரை மடங்கு காட்டினால் என்ன வாங்கினீர்கள் என்று தெரிந்துவிடும்.

மலையகத்தில் வயரைவிட அதிகம் யோசிக்க வேண்டியது வயரின் நுனியை. மே மாதம் தொடங்கினால் மாதக்கணக்கில் மழையும் மூடுபனியும்; துவைத்த துணி காயாத ஊரில் வெட்டி விட்ட செம்பு மட்டும் காய்ந்து கிடக்குமா? நுனியில் ஈரம் ஏறி முதலில் கறுக்கும், பிறகு பச்சைக் களிம்பு உறைக்குள் நகர்ந்து போகும். கண்ணாடி உறை வயரில் இது வெளியே தெரியும், மற்றதில் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். வயரின் நீளத்தில் களிம்பு பிடித்தால் பெரிய பாதகமில்லை, தடை பெரிதாக மாறாது. மாட்டும் இடத்தில் பிடித்தால்தான் கரகரப்பு வரும், ஒரு பக்கம் வந்து வந்து போகும்.

ஆகவே நுனிக்கு நேரம் கொடுங்கள். ஸ்க்ரூ வைத்து இறுக்கும் இடத்தில் ஈயம் பற்றவைத்த நுனியைப் போடக் கூடாது. ஈயம் மெத்தென்று இருப்பதால் அழுத்தத்தில் மெல்ல மெல்ல விலகிக் கொடுத்து, கொஞ்ச நாளில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். அங்கே நுனிக் குழலை நசுக்கி மாட்டுவதுதான் முறை. பனானா பிளக்கில் பற்றவைப்பதென்றால் தாராளமாகப் பற்றவைக்கலாம், உறை தொடங்கும் இடத்தில் வெப்பத்தில் சுருங்கும் குழாயைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளே போகாது. பழைய ஜப்பான் அம்ப்களில் ஸ்பிரிங் கிளிப்தான் இருக்கும், 2.5 அதில் நுழைய மறுக்கும். நான்கு இழையை வெட்டிக் குறைக்கிறேன் என்று கிளம்பாமல், சின்னப் பின் ஒன்றைப் பற்றவைத்து அதை நுழையுங்கள். வருடத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மாட்டினால் போதும். மாட்டிய பிறகு வெளியே வாஸ்லின் தடவிவிடும் பழக்கம் எனக்கு உண்டு, பெட்டரி முனைகளுக்குத் தடவுவது போல.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். வீட்டு வயரை ஸ்பீக்கருக்குப் போடலாம். வீட்டு பிளக்கைப் போடவே கூடாது. கழற்றி மாட்ட வசதி என்று ஸ்பீக்கர் வயர் முனையில் இரண்டு பின் பிளக் மாட்டுகிற பழக்கம் பழைய செட்டுகளில் நிறையவே இருந்தது. வீட்டில் யாராவது அதைக் கொண்டுபோய்ச் சுவரில் செருகினால் 230 வோல்ட் நேரே ஸ்பீக்கருக்குப் போகும், மறுமுனையில் கை வைத்திருப்பவருக்கும் போகும். வயரிங் வயர் பாவித்தால் இரண்டு முனையிலும் "ஸ்பீக்கர்" என்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். கணப்புக்குப் பக்கத்தில் ஓட்டுவதென்றால், சாதாரண பி.வி.சி. உறை 70 பாகை செல்சியஸ் வரைக்கும்தான் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். எலி இருக்கும் வீடு என்றால் கேசிங் போட்டுவிடுங்கள். அதற்குத் தனி விளக்கம் வேண்டாம்.

ஆசைக்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பண்டாரவளையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கம்ப்யூட்டர் நெட்வர்க் வயரை உரித்துப் பின்னலாகப் பின்னி ஸ்பீக்கருக்குப் போட்டிருக்கிறார். பார்க்க அம்சமாக இருக்கிறது. எட்டுக் கம்பியில் நான்கு போக, நான்கு வர என்று வைத்தால் ஒரு பக்கத்துக்கு 0.8 சதுர மி.மீ.தான் கிடைக்கும், பல ஜோடியைச் சேர்த்துப் பின்னினால் தடை குறையும், ஆனால் கெபாசிட்டன்ஸ் (கம்பிகளுக்கு இடையே மின்னேற்றம் தேங்கும் குணம்) கூடிக்கொண்டே போகும். சில அம்ப்கள் அதைத் தாங்காமல், காதுக்குக் கேட்காத உயர் சுருதியில் தானாகவே அலையத் தொடங்கிச் சூடாகும். "மச்சான், உன் அம்ப் சூடாகுதா பாரு" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அவர் சந்தோஷமாகக் கேட்கிறார், அதைக் கெடுப்பானேன்.

வெள்ளிக் கம்பிக்கும் இதே பதில். வெள்ளியின் தடை செம்பைவிட 6 சதவீத அளவுக்குத்தான் குறைவு, 2.5க்குப் பதில் 4 சதுர மி.மீ. செம்பு போட்டால் அதைவிட எவ்வளவோ கூடுதல் பலன். ஓ.எஃப்.சி., அதாவது ஒக்சிஜன் நீக்கிய செம்பு, என்ற முத்திரை இன்னும் மெலிந்த சமாசாரம். செம்பின் கடத்துதிறனுக்கு 1913இல் உலகப் பொது அளவு ஒன்று வகுத்தார்கள். இன்றைய சாதாரண வயரிங் செம்பே அந்த 100 சதவீதத்தைத் தொடுகிறது, ஓ.எஃப்.சி. 101ஐத் தொடுகிறது. அந்த ஒரு சதவீதத்துக்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். உயர் சுருதி கம்பியின் தோலில் மட்டும்தான் ஓடும் என்று பயமுறுத்தினால், 20,000 ஹேர்ட்ஸில் செம்பில் அந்தத் தோலின் ஆழம் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் என்று சொல்லுங்கள். நம் வயரின் மொத்தத் தடிப்பே 2 மி.மீ.க்குள்தான்.

வாங்கும் முன் நீளத்தை நூல் பிடித்து அளவுங்கள். நேர்க்கோட்டில் இல்லை, வயர் உண்மையாகப் போகும் வழியில்: கதவு நிலை ஏறி, மூலை திரும்பி, பின்னால் அம்பை இழுத்துத் திருப்ப ஒரு மீட்டர் தளர்வு விட்டு. இடதுக்கும் வலதுக்கும் ஒரே நீளம் வேண்டும் என்பார்கள், தேவையில்லை. 4 மீட்டர் கூடினால் சத்தம் தாமதிப்பது ஒரு விநாடியின் பத்துக் கோடியில் இரண்டு பங்கு. நீங்கள் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தால் அதைவிட பல ஆயிரம் மடங்கு தாமதம். கிட்ட இருக்கும் ஸ்பீக்கருக்கு மிச்ச வயரைச் சுருட்டி மறைத்து வைப்பதைவிட வெட்டிவிடுவது மேல்.

கடைசியாக பிளஸ், மைனஸ். பிளஸ்ஸுக்குக் கபில நிறம், மைனஸுக்கு நீலம் என்று ஒரே வழக்கமாக வைத்துக்கொண்டால் போதும். ஒரு ஸ்பீக்கர் நேராகவும் மற்றது தலைகீழாகவும் மாட்டினால் அடிக்குரல் காணாமல் போய்விடும். எந்த விலை உயர்ந்த வயரும் அதைக் காப்பாற்றாது. சந்தேகம் இருந்தால், அம்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு அந்த முனையில் 1.5 வோல்ட் டோர்ச் பெட்டரியின் பிளஸ்ஸைக் கபிலத்திலும் மைனஸை நீலத்திலும் ஒரு கணம் தொடுங்கள். பெரிய கோன் முன்னால் தள்ளினால் சரி, உள்ளே இழுத்தால் மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் பாருங்கள். தனியாகக் கழற்றி வைத்த ட்வீட்டரில் (உயர் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கரில்) மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். அதன் கொயில் மெல்லிசு.